குழம்புக்கா, வறுவலுக்கா

பதினான்கு வருடமாக மீன் வெட்டுகிறேன். ஆனால் கடல்மீன் ஒன்று உயிரோடு நீந்துவதை, சென்னைக்குப் போகும்வரை நான் பார்த்ததில்லை. சொன்னால் சிரிக்கிறார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? உத்தமபாளையத்தில் இருப்பவள் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் மலைக்கு அந்தப் பக்கம் போனாலும் இந்தப் பக்கம் போனாலும் அரை நாள் வேண்டும். தூத்துக்குடியிலிருந்தும் ராமநாதபுரம் பக்கமிருந்தும் விடிவதற்குள் தெர்மாகோல் பெட்டியில், ஐஸுக்கு நடுவே வந்து சேருகிற மீனைத்தான் எனக்குத் தெரியும். வைகை அணை மீன் வேறு. கட்லாவும் ஜிலேபியும் சில நாள் துள்ளிக்கொண்டே வந்து இறங்கும். கடல்மீன் என் கைக்கு வரும்போது அதன் கதை முடிந்திருக்கும். திருச்செந்தூருக்கு மூன்று தடவை போயிருக்கிறேன். கடலைப் பார்த்தேன், காலை நனைத்தேன், உள்ளே இருப்பது எதையும் பார்க்கவில்லை.

அதனால்தான் என் மகளின் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தபோது நான் யோசிக்கவே இல்லை. காலாண்டு விடுமுறையில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைச் சென்னையில் இருக்கும் பெரிய மீன் காட்சியகத்துக்குக் கூட்டிப் போகிறார்களாம். பெண் பிள்ளைகளுக்குத் துணையாக மிஸ்ஸோடு ஓர் அம்மாவும் வந்தால் நல்லது, யார் வருகிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். ஒருத்தரும் பதில் போடவில்லை. கையில் ஒட்டியிருந்த செதிலை முந்தானையில் துடைத்துவிட்டு, "நான் வர்றேன் மிஸ்" என்று போட்டுவிட்டேன். புரட்டாசி மாதம். ஊரில் பாதி வீடுகளில் மீன் சட்டி கவிழ்ந்து கிடக்கும். முஸ்லிம் வீடுகளும் சர்ச் இருக்கிற சுற்றுப்பட்டு வேதக்கார ஊர்களும் வாங்குவதால் கடை ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனாலும் இரண்டு நாளை என் வீட்டுக்காரர் ஒற்றை ஆளாகச் சமாளித்துவிடுவார். எல்லாவற்றையும் யோசித்தவள், கேட்க வேண்டிய ஒரு ஆளை மட்டும் கேட்கவில்லை.

அந்த ஆள் என் மகள். பதினோரு வயது. ஐந்தாம் வகுப்பு வரை உள்ளூரில் படித்தாள். அங்கே ஒரு பிள்ளை ஒருநாள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மிஸ், இவ பக்கத்துல கவிச்சி அடிக்குது, எடத்த மாத்துங்க" என்றது. எனக்கு அது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். எங்களிடம் அவள் அழவில்லை, சொல்லவும் இல்லை. அடுத்த வருடம் பழனிசெட்டிபட்டியில் இருக்கும் பள்ளிக்கூடத்தில்தான் சேருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். சேர்த்தோம். தினமும் வேனில் போய் வருகிறாள். அங்கே யாருக்கும் எங்கள் கடை தெரியாது. உங்க அம்மா என்ன செய்கிறார்கள் என்று கேட்டால், "பிசினஸ்" என்பாள். அது பொய்யும் இல்லை.

அவள் யூனிஃபார்ம் மொட்டை மாடியில் தனிக் கொடியில்தான் காயும். புத்தகப் பை கடைப் பக்கமே வராது. தினமும் காலையில் அரை மூடி எலுமிச்சம்பழத்தைக் கையில் தேய்த்துக்கொண்டு போவாள், அவள் மீனைத் தொடுவதே இல்லை என்றாலும். எனக்கு வருத்தம் இல்லாமல் இருக்குமா? இருந்தது. கோபமும் இருந்தது. ஆனால் அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது?

கோபம் எனக்குக் கொஞ்சம் கூடுதல்தான். ஊரில் கேட்டால் சொல்வார்கள். ஒருமுறை தேனி பஸ்ஸில் ஒரு பெரிய மனிதர், "மீன்காரிய எல்லாம் யாரு ஏத்துனது" என்று முகத்தைச் சுளித்தார். "ஞாயித்துக்கெழம ஒங்க வீட்டுச் சட்டிக்குள்ள கெடக்குறது என்னைய மாதிரி ஒருத்தி வெட்டுனதுதான். அப்பவும் மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் திங்கிறீகளா?" என்று கேட்டேன். பஸ்ஸே சிரித்தது. அவர் அடுத்த நிறுத்தத்தில் முன்பக்கம் போய் நின்றுகொண்டார். என் மகளும் அன்று என் மடியில் இருந்தாள். அவளுக்குத் தெரிந்த அம்மா, யாருக்கும் குரலைத் தாழ்த்தாத அம்மா.

நான் வருகிறேன் என்று தெரிந்த அன்று சாயங்காலம் அவள் கடை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. நான் தரையைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"நீ வர வேணாம்."

"மிஸ்கிட்டச் சொல்லியாச்சு."

"அப்ப நான் போகல."

என் வீட்டுக்காரர் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே, "ஏத்தா, ஒங்கம்மா போயிட்டு வரட்டும். அவளும் எங்க போயிருக்கா?" என்றார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. அவர் சொன்னதால் கொஞ்சம் இறங்கி வந்தாள்.

"வந்தா அங்க மீனப் பத்தி ஒரு வார்த்த பேசக் கூடாது. கடையப் பத்தி வாயே தொறக்கக் கூடாது."

"மீனப் பாக்கத்தானடி கூட்டிட்டுப் போறாக? அங்கன போயி மாட்டப் பத்தியா பேச முடியும்?"

"பாரு. ஆனா பேசாத. சத்தியம் பண்ணு."

பிள்ளை தலையில் கை வைத்துச் சத்தியம் செய்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. எங்கள் தொழிலில் சத்தியம் என்றால் தராசுதான். எடையில் சந்தேகம் என்று யாராவது சொன்னால் தராசைத் தொட்டுச் சொல்வோம், அதற்கு மேல் பேச்சில்லை. ஈரக் கையைத் துடைத்துவிட்டுத் தராசுத் தட்டில் வைத்தேன். இப்போது எல்லாம் கரண்ட் தராசு. சிவப்பு எழுத்தில் என் கையின் எடையைக் காட்டியது. அதைச் சரிபார்க்க அவள் ஓரடி உள்ளே வந்தாள். "ம், சரி" என்று சொல்லிவிட்டு மாடி ஏறிப் போய்விட்டாள்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே நான் கத்தியைத் தொடவில்லை. எலுமிச்சை, புளி, காப்பித்தூள் எல்லாம் போட்டுக் கையைத் தேய்த்தேன். புதுப் புடவை, இரண்டு முழம் பிச்சிப்பூ. பஸ் ஏறும் முன்னால் என் மகள் சும்மா வருவதுபோல் கிட்டே வந்து மூச்சை இழுத்துப் பார்த்தாள். அப்படியே பஸ்ஸில் ஏறினாள். பாஸ் என்று எடுத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் நாற்பது பிள்ளைகள். என் பக்கத்தில் ஒரு வாயாடி வந்து உட்கார்ந்தாள். அவள் வீட்டாருக்குக் கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டம். நல்ல பிள்ளைதான், ஆனால் அவள் காதில் ஒன்று விழுந்தால் இடைவேளைக்குள் பள்ளிக்கூடம் முழுக்கப் போய்விடும் என்று என் மகள் சொல்லியிருக்கிறாள். அவள் உட்கார்ந்ததும் முன் சீட்டிலிருந்து என் மகள் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஆன்ட்டி, நீங்க என்ன பிசினஸ்?"

"சின்னதா ஒண்ணு கண்ணு. நீ சாப்ட்டியா?"

திராட்சைக்கு மருந்தடிக்கிற கதையை அவளே ஆரம்பித்துவிட்டதால் தப்பித்தேன்.

மறுநாள் காலை கடற்கரைப் பக்கம் இருக்கும் அந்தக் காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே கால் வைத்ததும் இருட்டும் குளிரும். நீல வெளிச்சம். முதலில் சின்னச் சின்னத் தொட்டிகள், பொம்மை போல வண்ண மீன்கள். பிள்ளைகள் கத்திய கத்தில் காது அடைத்தது. அந்த மீன்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, அதனால் பேசாமல் இருப்பது சுலபமாக இருந்தது.

அடுத்த தொட்டிக்கு வந்ததும் நின்றுவிட்டேன். பாறை மீன். ஒன்றிரண்டு இல்லை, ஒரு கூட்டமே ஒரே திசையில் போய், ஒரே நேரத்தில் திரும்பியது. திரும்புகிறபோது ஒவ்வொன்றின் மேலும் வெளிச்சம் பட்டு ஓடியது. நான் எத்தனை பாறை வெட்டியிருப்பேன். அது கடையில் பக்கவாட்டில் படுத்துக் கிடக்கும், அவ்வளவுதான். இப்படித் திரும்பும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

பக்கத்தில் ஒருத்தர் தன் மனைவியிடம், "வஞ்சிரம். தோசைக்கல்லுல போட்டா எப்படி இருக்கும்" என்றார். வஞ்சிரமாம். உடம்பு வாகைப் பார்த்தால் பாறை என்று தெரியாதா? நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன். மிஸ் என் பக்கம் திரும்பி, "இது என்ன மீனுங்க? உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்கள்.

"தெரியல மிஸ்."

நாலு பிள்ளை தள்ளி நின்ற என் மகள் திரும்பிப் பார்த்து லேசாகத் தலையாட்டினாள். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. இருந்தாலும் அவள் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்துவிட்டு, போகட்டும், இரண்டு மணி நேரம்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் சுரங்கம். கண்ணாடியால் ஆன பாதை, தலைக்கு மேலும் தண்ணீர், இரண்டு பக்கமும் தண்ணீர். பிள்ளைகள் திடீரென்று அமைதியாகிவிட்டார்கள். மேலே ஒரு திருக்கை வந்தது. நான் திருக்கையின் தோலை உரித்திருக்கிறேன், துண்டு போட்டிருக்கிறேன், பிள்ளை பெற்றவளுக்கு நல்லது என்று புட்டு செய்யச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அது இரண்டு பக்கமும் விரித்து, அவசரமே இல்லாமல் என் தலைக்கு மேலே போனது. வெள்ளை வயிறு. அதில் வாய், பார்த்தால் சிரிக்கிறது என்பீர்கள். பாவம் செய்துவிட்டோமோ என்று தோன்றியதா என்றால், இல்லை. தொழில் தொழில்தான். ஆனால் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை வருடம் சவமாகவே பார்த்த ஒன்றை இன்றைக்கு உயிரோடு பார்க்கிறேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருட்டில் யாரும் பார்க்கவில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் காவல் தவறியது.

சுரங்கம் முடிந்ததும் தரையிலிருந்து கூரை வரை ஒரே கண்ணாடியாக ஒரு தொட்டி. உள்ளே கல்லிடுக்கில் ஒரு களவா கிடந்தது, கொழுத்த மீன், வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு. எட்டுக் கிலோவுக்குக் குறையாது என்று கண் எடை போட்டுவிட்டது. சத்தியம் வாய்க்குத்தானே, கண்ணுக்கு இல்லையே. பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள். பின்னால் வேறு கூட்டம் தள்ளியது. ஜில்லென்ற காற்று, ஈரத் தரை, முன்னால் மீன், பின்னால் நெரிசல், எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிற சத்தம். ஞாயிற்றுக்கிழமைக் காலை எங்கள் கடை இப்படித்தான் இருக்கும். அந்த நேரம் பார்த்து வாயாடி என் கையைத் தட்டி, விரலை நீட்டி, "ஆன்ட்டி, ஆன்ட்டி, அந்தப் பெருசு" என்றாள்.

"முழுசா எடுத்துக்கிறீகளா, பாதி போதுமா? குழம்புக்கா, வறுவலுக்கா?" என்றேன்.

மெதுவாகவும் சொல்லவில்லை. கடைக் குரல். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கும் கேட்கிற குரல். அதோடாவது நிறுத்தியிருக்கலாம். "தலையத் தனியாப் போடவா?" என்று வேறு கேட்டேன். வலது கை தானாகக் கத்தியைத் தேடி இடுப்புயரத்தில் துழாவியது.

கூட்டமே சிரித்தது. எங்கள் பிள்ளைகள், அடுத்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், சற்று முன் பார்த்த வஞ்சிரக்காரர், எல்லாரும். மிஸ்ஸும் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

"ஆன்ட்டி, நீங்க மீன் கடையா வச்சிருக்கீங்க?" என்றாள் வாயாடி. கேலி இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஆனால் கேட்டது எல்லார் காதிலும் விழுந்தது.

என் மகளைத் தேடினேன். கண்ணாடியின் ஓரத்தில் நின்றிருந்தாள். நீல வெளிச்சத்தில் அவள் முகம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. வகுப்பு மாறி, பள்ளிக்கூடம் மாறி, தினமும் வேனில் போய் வந்து அவள் கட்டிக் காத்த ஒன்றை நான் ஒரே வாயில் கவிழ்த்துவிட்டேன்.

"இல்ல கண்ணு" என்றேன். "மீன் கடையெல்லாம் இல்ல. வீட்டுல சமைக்கிற ஞாபகத்துல என்னமோ வாயில வந்துருச்சு."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. அப்படி ஒரு குரல் என்னிடம் இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். வாயாடி, "ஓ" என்றாள். கூட்டம் அடுத்த தொட்டிக்கு நகர்ந்தது. நான் அங்கேயே நின்றேன். யாரிடமும் கை ஏந்தாமல், தலை குனியாமல் செய்த தொழில். அதை நானே இல்லை என்று சொல்லிவிட்டேன். யாராவது அதட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, ஒரு சின்னப் பிள்ளை சாதாரணமாகக் கேட்டதற்குச் சொன்னேன்.

என் மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

"நீதானடி கேட்ட."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மிஸ் கூப்பிட்டதும் இரண்டு பேரும் நடந்தோம், ஆளுக்கொரு பக்கமாக.

கடைசியில் ஒரு தாழ்வான தொட்டி. அதில் கையை விட்டுத் தொட்டுப் பார்க்கலாம். நீலச் சட்டை போட்ட ஒரு பெண் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். படித்த பிள்ளை, பொறுமையாகச் சொன்னாள். நட்சத்திர மீனைக் காட்டினாள், கடல் வெள்ளரியைக் காட்டினாள். அப்புறம் ஒரு பெரிய நண்டைப் பின்பக்கமாகப் பிடித்துத் தூக்கினாள். பிள்ளைகள் அலறிப் பின்வாங்கினார்கள்.

"இது ஆணா, பொண்ணா? கரெக்டா சொல்றவங்க உள்ள வந்து திருக்கைக்குச் சாப்பாடு போடலாம். ஆனா காரணம் சொல்லணும்."

"பொண்ணு" என்றது ஒரு கூட்டம்.

"ஏன்?"

"கலரா இருக்கு."

"ஆணு, ஆணு. கொடுக்கு பெருசா இருக்கு."

"நண்டே பெருசு. கொடுக்கும் பெருசாத்தானே இருக்கும்?" என்று அந்தப் பெண் சிரித்தாள். மிஸ்கூட ஏதோ சொல்லிப் பார்த்தார்கள். காரணம் யாரிடமும் இல்லை.

நான் என் மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குத் தெரியும். எங்கள் கடைக்கு நண்டு வாங்க வருகிறவர்கள் சிலர் சினை நண்டு கேட்பார்கள், சிலர் சதை வேண்டும், ஆணாகப் போடு என்பார்கள். நாலு வயதில் கூடைக்கு முன்னால் குந்தவைத்து அதைப் பிரித்துப் போட்டதே அவள்தான். அவள் உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு நின்றாள். விடை அவள் வாய்க்குள் இருப்பது எனக்குத் தெரிகிறது. அதை அவள் விழுங்கப் போகிறாள் என்பதும் தெரிகிறது. தெரிந்ததைக்கூட மறைக்கிற மாதிரி என் பிள்ளை ஆகிவிட்டதே. கத்திச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். சொன்னால் அது அவள் சொன்னதாகாது. அதனால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

"அக்கா" என்றாள் என் மகள். "அதத் திருப்பிக் காட்டுங்க."

அந்தப் பெண் திருப்பினாள்.

"வயித்துல மடிப்பு இருக்குல்ல? அது ஒடுங்கலா, கூம்பா இருந்தா ஆணு. அகலமா, வட்டமா இருந்தா பொண்ணு. பொண்ணு நண்டு முட்டைய அதுல ஒட்ட வச்சுத்தான் சுமந்துக்கிட்டுத் திரியும். இது ஆணு."

"சூப்பர்" என்றாள் நீலச் சட்டைப் பெண். பிள்ளைகள் கை தட்டினார்கள். அதோடு முடிந்திருக்கும். ஆனால் என் மகளுக்கு மடை திறந்துவிட்டது.

"இன்னொண்ணு சொல்லவாக்கா? இது ஓடு மாத்தி ரொம்ப நாள் ஆகல. அடிப்பக்கம் வெள்ளை வெளேர்னு இருக்கு பாருங்க. பழைய ஓடுன்னா மஞ்சக் கறையா இருக்கும். இத வாங்குனா உள்ள சதையே இருக்காது, தண்ணிதான் இருக்கும்."

நீலச் சட்டைப் பெண் நண்டைப் பார்த்தாள், என் மகளைப் பார்த்தாள். "கொஞ்ச நாள் முன்னாடிதான் ஓட்டைக் கழட்டுச்சு. எங்களுக்குத்தான் தெரியும். நீ எப்படிக் கண்டுபிடிச்ச? எந்த புக்ல படிச்ச?"

தப்பிக்க வழி அவளே கொடுத்துவிட்டாள். புக்கில் படித்தேன் என்றால் போதும். யூடியூப்பில் பார்த்தேன் என்றாலும் போதும், எல்லாரும் நம்புவார்கள். சொல்லிரு ஆத்தா, சொல்லிட்டுத் தப்பிச்சுக்கோ என்று நானே மனதுக்குள் சொன்னேன். என் மகள் தலையைத் திருப்பிக் கூட்டத்துக்குள் என்னைத் தேடினாள். கண்டுபிடித்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"புக்ல படிக்கல" என்றாள். "எங்களுக்கு மீன் கடை. உத்தமபாளையத்துல. எங்கம்மாதான் வெட்டுறாக."

வாயாடி வாயைத் திறந்தாள். அவள் பேசும் முன்னால் என் மகளே அவள் பக்கம் திரும்பினாள்.

"அப்ப எங்கம்மா இல்லேன்னு சொன்னது பொய்யி. நாந்தான் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிருந்தேன்."

குரல் நடுங்கியது. ஆனால் தாழவில்லை. நாற்பது பிள்ளைகளும் அவளையே பார்த்தார்கள். யாராவது ஒருத்தர் மூக்கைப் பொத்தினால் போதும், நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. காட்சியகம் என்றும் பார்த்திருக்க மாட்டேன், மிஸ் என்றும் பார்த்திருக்க மாட்டேன்.

"அப்ப நெசமாவே நண்டக் கையில பிடிப்பியா?" என்றாள் வாயாடி.

"ம்."

"கடிக்காதா?"

"பின்னாடி பிடிச்சா கொடுக்கு எட்டாது."

"ஒங்க கடைக்குச் சுறா வருமா?"

"குட்டிச் சுறா வரும். பெருசு எப்பவாச்சும்தான்."

"ஏ, இவுக வீட்டுக்குச் சுறா வருமாம்" என்று வாயாடி பின்னால் திரும்பி அறிவித்தாள். இடைவேளை வரைக்கும்கூட அவள் காத்திருக்கவில்லை. அவ்வளவுதான், பிள்ளைகள் என் மகளைச் சுற்றிக்கொண்டார்கள். கணவாய்க்கு உள்ளே மை இருக்கும் என்பது நிஜமா, முள்ளே இல்லாத மீன் எது, மீனுக்குக் கண் இமை உண்டா என்று ஆளுக்கொரு கேள்வி. இரண்டு பையன்கள் என்னிடமும் ஓடி வந்தார்கள். "ஆன்ட்டி, நீங்க வெட்டுனதுலயே பெரிய மீனு எது?"

சொல்ல எனக்கா ஆசை இல்லை? நாக்கில் பதினான்கு வருடக் கதை இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அந்த இடம் அவளுடையது. "எனக்குப் பேச அனுமதி இல்ல, தராசத் தொட்டுச் சத்தியம் பண்ணிருக்கேன். அந்தா நிக்கிறாள்ல, அவளக் கேளுங்க" என்று விரட்டிவிட்டேன். மிஸ் என் கையைப் பிடித்து, "இத்தனை மாசமா கிளாஸ்ல வாயே தொறக்காதுங்க இந்தப் புள்ள" என்றார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்து போயிருந்தது.

நீலச் சட்டைப் பெண் சின்னக் கதவைத் திறந்தாள். "வா. சாப்பாடு போடலாம். துணைக்கு ஒருத்தரைக் கூட்டிக்கலாம்."

வாயாடியின் கைதான் முதலில் உயர்ந்தது. அவளோடு இன்னும் பத்துக் கைகள்.

"எங்கம்மா வரட்டும்" என்றாள் என் மகள்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போனேன். மேலேறிப் போனால் திறந்த தொட்டி. தண்ணீர் காலடியில் இருந்தது. ஆள் வந்தது தெரிந்து இரண்டு திருக்கைகள் விளிம்புக்கு வந்து மூக்கைத் தூக்கின. கீழே கண்ணாடிக்குப் பின்னால் பிள்ளைகள் எல்லாரும் எங்களையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே துண்டு போட்ட சாளை மீனும் கணவாயும். கையுறை ஒன்றையும் நீட்டினாள்.

என் மகள் அதை வாங்கவில்லை. முழங்கை வரை சட்டையைச் சுருட்டிவிட்டு வாளிக்குள் வெறுங்கையை விட்டாள். ஒரு துண்டை எடுத்தாள், புரட்டினாள், இன்னொன்றை எடுத்து அதோடு வைத்துப் பார்த்தாள்.

"இத யாருக்கா வெட்டுனது?" என்று கேட்டாள். "ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசா இருக்கு. எங்கம்மா வெட்டுனா எல்லாம் ஒரே அளவா இருக்கும்."

கீழே நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.